என் சுபாவமும் என் ஊழியமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. இருக்கிற குணத்தோடேயே ஆண்டவருக்கு ஊழியம் செய்யலாமா, அல்லது முதலில் வேறு ஆளாக மாறிவிட்டுத்தான் வரவேண்டுமா? சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஸ்தோத்திரம். நான் சிறுவயதிலிருந்தே அதிகம் பேசாதவள். எங்கள் சபையில் ஊழியம் என்றாலே பாடுவது, சாட்சி சொல்வது, முன்னால் நின்று ஜெபிப்பது என்றுதான் இருக்கிறது. பெண்கள் கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. "ஆவியில் நிறைந்தால் கூச்சமெல்லாம் ஓடிப்போகும்" என்கிறார்கள். எனக்குள் ஆவியானவர் இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள், சகோதரி. கூச்சம் பாவமல்ல, ஆவியானவர் இல்லாததற்கு அடையாளமும் அல்ல. கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனியாக ஒன்பது குணங்கள் வருகின்றன. சாந்தமும் நீடிய பொறுமையும் அதில் உண்டு. சரளமான பேச்சு இல்லை.

1 நாளாகமம் 23-ஐ எடுத்துப் பாருங்கள். ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியரைத் தாவீது எண்ணி வேலை பிரித்த கணக்கு அங்கே இருக்கிறது. மொத்தம் 38,000 பேர். ஆலய வேலையை நடத்த 24,000 பேர், தலைவரும் மணியக்காரருமாக 6,000 பேர், வாசல் காக்க 4,000 பேர், கீதவாத்தியங்களோடு துதிக்க 4,000 பேர். பாடினவர்கள் எத்தனையோ, அத்தனை பேர் வாசலில் நின்றிருக்கிறார்கள். இசையோடு முன்னால் நின்றவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். உங்கள் சபையில் அந்த ஒரு பங்குக்கு மட்டும் ஊழியம் என்று பெயர் வைத்துவிட்டால், அது சபையின் பார்வையில் இருக்கிற குறை. உங்களிடத்தில் குறை இல்லை.

இயேசுவின் சீஷனான அந்திரேயாவையும் கவனியுங்கள். யோவான் சுவிசேஷத்தில் அவன் தன் சகோதரன் சீமோன் பேதுருவை இயேசுவிடம் கூட்டிக்கொண்டு வருகிறான் (1-ஆம் அதிகாரம்). அப்பமும் மீனும் வைத்திருந்த பையனைக் காட்டுகிறான் (6). இயேசுவைக் காண விரும்பின கிரேக்கரின் செய்தியை பிலிப்புவோடு போய் அவரிடம் அறிவிக்கிறான் (12). அவன் பிரசங்கம் ஒன்றுகூட வேதத்தில் பதிவாகவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் 3,000 பேர் சேர்க்கப்பட்ட பிரசங்கத்தைச் செய்தவன், அந்திரேயா கூட்டிக்கொண்டு வந்த அந்தச் சீமோன்.

அமைதியானவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய ஒரு வேலை, நோயாளிகளைச் சந்திப்பது. பேச்சு அதிகம் உள்ளவர்கள் அங்கே தடுமாறுவதற்குக் காரணம், மௌனத்தைத் தாங்க முடியாமல் எதையாவது சொல்லி நிரப்பிவிடுவார்கள். வேறு யாருக்கோ இதே வியாதி வந்து என்ன ஆனது என்ற கதை அப்படித்தான் வாயிலிருந்து வந்துவிடுகிறது. உங்களுக்கு அந்த ஆபத்து குறைவு.

போகுமுன் வரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, படுத்திருப்பவரின் கண் மட்டத்தில் உட்காருங்கள். நின்றபடியே பேசினால் எப்போது கிளம்புவோம் என்று பார்ப்பதுபோல் இருக்கும். வியாதியைப் பற்றி அவர் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் துருவ வேண்டாம். ஜெபிக்கலாமா என்று கேட்டு, சங்கீதத்தில் ஆறேழு வசனம் வாசித்து, ஒரு நிமிடம் ஜெபித்தால் போதும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம். களைத்த உடம்புக்கு அதற்குமேல் பாரம். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள், யாரும் சொல்லமாட்டார்கள். "வியாழக்கிழமை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நான் அழைத்து வரட்டுமா?" என்று நாளும் வேலையும் குறிப்பிட்டுக் கேட்டால் சரி என்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் தேதி, பெயர், எதற்காக ஜெபிக்கவேண்டும், மறுபடி எப்போது விசாரிக்கவேண்டும் என்று நான்கையும் எழுதி வையுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின இரவு நீங்கள் அனுப்பும் ஒரு வரி, நீண்ட பிரசங்கம் செய்யாத வேலையைச் செய்யும். ஆனால் அந்த நோட்டில் இருப்பதை அவர் அனுமதியில்லாமல் ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பமாகக்கூடச் சொல்லக்கூடாது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வீட்டு விஷயம் வெளியே போய், சந்திப்பு ஊழியமே நின்றுபோன சபைகள் உண்டு.

முன்னால் ஜெபிப்பதையும் ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். நடத்துகிறவரிடம் முந்தின நாளே சொல்லிவிடும்படி கேளுங்கள். திடீரென்று பெயர் சொல்லி அழைப்பதுதான் பாதி நடுக்கத்துக்குக் காரணம். நான்கு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று நன்றி, இரண்டு குறிப்பான விண்ணப்பம், கடைசியாக இயேசுவின் நாமத்தில் முடிப்பது. பார்த்து வாசிப்பதில் தவறே இல்லை. இரண்டு மூன்று பேர் உள்ள குழுவில் சில வாரம் பழகிவிட்டுப் பெரிய கூட்டத்துக்கு வாருங்கள். நடுவில் வார்த்தை நின்றுவிட்டால் "ஆமென்" சொல்லி முடித்துவிடலாம், ஆண்டவருக்கு மீதி தெரியும்.

பவுல் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பேசினார். தீமோத்தேயுவிடம், "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" என்று எழுதினார். கொரிந்து சபையிடமோ, தீமோத்தேயு வந்தால் அவன் பயமில்லாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் (1 கொரிந்தியர் 16:10). கூச்சமுள்ளவருக்கு எவ்வளவு பொறுப்போ, அவரைச் சுற்றியிருக்கிற சபைக்கும் அவ்வளவு பொறுப்பு. இந்த வசனத்தை உங்கள் பெண்கள் கூட்டத் தலைவியிடம் காட்டுங்கள்.

கேள்வி: வாலிபர் முகாமில் ஒரு குணநலன் தேர்வு எழுதினோம். எனக்கு "மெலன்கொலிக்", அதாவது எளிதில் மனம் வாடுகிற, ஆழ்ந்து யோசிக்கிற சுபாவம் என்று வந்தது. அதைப் பார்த்த முகாம் தலைவர், நீ தலைமைப் பொறுப்புக்கு ஏற்றவன் இல்லை என்றார். அது தேவசித்தம் என்று எடுத்துக்கொள்வதா?

பதில்: வேண்டாம், தம்பி. சங்கின், கோலரிக், மெலன்கொலிக், பிளெக்மாடிக் என்ற நான்கு வகையும் வேதத்திலிருந்து வந்தவை அல்ல. உடம்பில் ரத்தம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம், சளி என்று நான்கு நீர்கள் உண்டு, அவற்றில் எது மிகுதியோ அதன்படி குணம் அமையும் என்ற பழைய கிரேக்க மருத்துவத்திலிருந்து வந்தவை. இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்ற மருத்துவர் அதை விரிவாக்கினார். அந்த மருத்துவத்தை உலகம் கைவிட்டு வெகுகாலமாகிறது. பெயர்கள் மட்டும் சபை முகாம்களில் தங்கிவிட்டன.

புதிய தேர்வுகளுக்கும் எல்லை உண்டு. 16 வகையாகப் பிரிக்கும் தேர்வை அதே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் வேறு வகை வருவது சகஜம். காரணம், பெரும்பாலானவர்கள் இரண்டு முனைக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் ஒரு பெயர், அந்தப் பக்கம் சாய்ந்தால் இன்னொரு பெயர். தன்னைப் பற்றிப் பேச்சைத் தொடங்க இந்தத் தேர்வுகள் உதவும். ஒருவருடைய அழைப்பை முடிவு செய்யும் தகுதி அவற்றுக்கு இல்லை.

வேலையில் இறங்கிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. ஒரு சின்னப் பொறுப்பை மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி எடுங்கள். முடிவு தேதி இருந்தால்தான் சரிப்படவில்லை என்று வெட்கமில்லாமல் திருப்பிக் கொடுக்க முடியும். அந்தக் காலத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். இந்த வேலையால் யாருக்காவது உண்மையில் பிரயோஜனம் உண்டானதா? யாரும் நினைவூட்டாமலே அதற்கு ஆயத்தம் செய்கிறீர்களா? முடித்து வரும்போது களைப்பு மட்டுமா, அல்லது களைப்போடு சந்தோஷமும் இருக்கிறதா? பிறகு உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம், "நான் எதைச் செய்தபோது உங்களுக்கு உதவியாக இருந்தது?" என்று கேளுங்கள். "எனக்கு என்ன வரம் இருக்கிறது?" என்று கேட்டால் மனம் நோகாத பதில்தான் வரும். முதல் கேள்விக்கு உண்மை வரும்.

முகாம் தலைவர் சொன்னதற்கு இன்னொரு பதிலும் உண்டு. மோசே தன்னை வாக்கு வல்லவன் அல்ல, திக்குவாய், மந்தநாவு உள்ளவன் என்றான். தேவன் அவனை மாற்றிவிட்டு ஆரோனை அனுப்பவில்லை. மோசேயை அனுப்பி, பேச ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார்.

கேள்வி: நான் பிரசங்கிக்க ஆரம்பித்திருக்கிறேன். எனக்குப் பிடித்த ஒரு பிரபல ஊழியரின் குரல், கையசைவு எல்லாம் என்னையறியாமல் வந்துவிடுகிறது. அவரைப்போல் பேசினால்தான் கூட்டம் கேட்கிறது.

பதில்: கூட்டம் இப்போது கேட்பது அவரை. பழகும் காலத்தில் யாரையாவது பின்பற்றுவது இயல்புதான், அதில் தங்கிவிடக்கூடாது. சவுலின் வஸ்திரத்தையும் கவசத்தையும் போட்டு நடந்து பார்த்த தாவீது, பழக்கமில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டு, தினமும் கையாண்ட கவணை எடுத்துக்கொண்டான். பவுலையே பாருங்கள். அவருடைய நிருபங்கள் பாரமானவை, ஆனால் நேரில் பேச்சு அற்பம் என்று கொரிந்துவில் சிலர் குறை சொன்னார்கள் (2 கொரிந்தியர் 10:10). அவர் பேச்சு வன்மையுள்ள அப்பொல்லோவைப்போல் ஆக முயலவில்லை.

உங்கள் பிரசங்கத்தைப் போனில் பதிவு செய்து, பத்து நிமிடம் கேளுங்கள். வீட்டில் சாப்பிடும்போது நீங்கள் சொல்லவே மாட்டாத வார்த்தைகள், இழுவைகள் எங்கெங்கே வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்த இடங்களை மட்டும் உங்கள் பேச்சில் எழுதிக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றப் பார்த்தால் செய்தியே கையை விட்டுப் போகும். கொஞ்ச காலத்துக்கு நான்கைந்து பேர் உள்ள வீட்டுக் கூட்டங்களில் உட்கார்ந்தபடி பேசிப் பழகுங்கள். உட்கார்ந்து பேசும்போது இரவல் குரல் நிற்காது.

கேள்வி: மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேச எனக்கு வராது. சபைக் கமிட்டியில் இருக்கிறேன். என் பேச்சால் இரண்டு பேர் கமிட்டியை விட்டுப் போனார்கள் என்று போதகர் வருத்தப்படுகிறார். தேவன் படைத்த சுபாவத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வது நியாயமா?

பதில்: அன்பான சகோதரரே, நேர்மையாகப் பேசுகிறவர்கள் இல்லாத கமிட்டி கெட்டுப்போகும். அந்த மட்டும் நீங்கள் சபைக்குத் தேவையானவர். ஆனால் இரண்டு பேர் போயிருக்கிறார்கள். அதைச் சுபாவத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. நேர்மை உங்களுக்குக் கொடுக்கப்பட்டது. கடுமை அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டும் ஒன்றல்ல, பிரிக்கவும் முடியும்.

அப்படிப் பிரிக்கப்பட்ட ஒருவரை வேதம் காட்டுகிறது. யாக்கோபையும் யோவானையும் இயேசு இடிமுழக்க மக்கள் என்று அழைத்தார். சமாரியர் கிராமம் ஒன்று தங்களை ஏற்றுக்கொள்ளாதபோது, வானத்திலிருந்து அக்கினி இறங்கி இவர்களை அழிக்கக் கட்டளையிடலாமா என்று கேட்டவர்கள் இவர்கள். இயேசு அதட்டினார் (லூக்கா 9). அப்போஸ்தலர் 8-ல் அதே யோவான் பேதுருவோடு சமாரியாவுக்குப் போகிறான். இந்த முறை சமாரியர் பரிசுத்த ஆவியைப் பெறும்படி ஜெபித்து அவர்கள்மேல் கைவைக்கிறான். அதற்காக அவன் மென்று விழுங்கிப் பேசுகிறவனாக ஆகிவிடவில்லை. அவரை அறிந்திருக்கிறேன் என்று சொல்லிக் கட்டளைகளைக் கைக்கொள்ளாதவன் பொய்யன் என்று பிற்காலத்து நிருபத்தில் நேராகவே எழுதுகிறான். வேகம் போகவில்லை, அது போகிற திசை மாறியிருக்கிறது.

உங்களுக்கு நடைமுறையில் சில காரியங்கள். குறையைக் கமிட்டியில் வைக்குமுன் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் போங்கள். மத்தேயு 18:15 சொல்லும் வரிசை அது. தனிமையில் சொன்னால் திருத்திக்கொள்ளக்கூடியவர்கூட, பத்துப் பேர் நடுவே சொல்லும்போது தன் மானத்தைக் காக்கத்தான் பேசுவார். அங்கிருந்து பிரச்சினை கைமாறிவிடும். சொல்லும்போது நடந்ததைச் சொல்லுங்கள், ஆளைத் தீர்க்காதீர்கள். "உங்களுக்குப் பொறுப்பே கிடையாது" என்பது தீர்ப்பு. "போன இரண்டு ஞாயிறும் ஆலயக் கதவு ஆராதனை நேரத்துக்குத்தான் திறந்தது, முன்னதாக வந்த முதியவர்கள் வெளியே நின்றார்கள், என்ன நடந்தது?" என்பது உண்மையும் கேள்வியும். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாதீர்கள். உங்கள் சுபாவத்துக்கு மிகவும் கடினமானது அந்த மௌனம்தான்.

கோபத்தில் எழுதின வாட்ஸாப் செய்தியை இரவு வைத்திருந்து காலையில் படித்துவிட்டு அனுப்புங்கள். குழுவில் ஒருபோதும் போடாதீர்கள். கமிட்டியில் நீங்கள் மதிக்கிற ஒருவரிடம், என் குரல் உயர்ந்தால் எனக்கு ஜாடை காட்டுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

போன இருவரையும் தனித்தனியே போய்ப் பாருங்கள். "நான் சொன்னது சரிதான், சொன்ன விதம்தான்..." என்று ஆரம்பித்தால் அது மன்னிப்பு ஆகாது. "அன்றைக்கு எல்லோர் முன்னிலையிலும் நான் உங்களை அவமானப்படுத்தினேன். அது என் தப்பு. மன்னியுங்கள்" என்றதோடு நிறுத்துங்கள். அவர்கள் திரும்பி வரவேண்டும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

உங்கள் சுபாவம் நன்மையாகப் பலிக்கும் இடங்கள் உண்டு: கட்டட வேலையில் ஒப்பந்தக்காரரிடம் பேசுவது, அநியாயம் நடந்தவருக்காக அலுவலகங்களுக்குப் போய்ப் பரிந்துபேசுவது, பூசி மெழுகாத பதில் கேட்கும் வாலிபர்களோடு உட்காருவது. துக்க வீட்டையும் புதிதாக வருகிறவர்களையும் இப்போதைக்கு மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் கணக்காளர். எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கு. சபைக் கணக்கு பார்ப்பதை ஊழியம் என்று சொல்லலாமா, அது உலகத் திறமைதானே?

பதில்: ஊழியம்தான். யாத்திராகமம் 31-ல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று சொல்லப்படுகிற பெசலெயேல், பொன், வெள்ளி, வெண்கலம், மரம், ரத்தினம் ஆகியவற்றில் வேலை செய்தவன். வங்காளத்திலுள்ள செராம்பூரில் 1800-ல் மிஷனைத் தொடங்கினவர்களில் வில்லியம் கேரி மொழிபெயர்ப்பாளர், ஜோசுவா மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர், வில்லியம் வார்டு அச்சுத் தொழில் கற்றவர். 1812-ல் அவர்கள் அச்சகம் எரிந்து கேரியின் கையெழுத்துப் பிரதிகள் பல சாம்பலாயின. இடிபாட்டில் எழுத்து வார்க்கும் அச்சுகள் தப்பியிருந்தன. உருகிக் கிடந்த உலோகத்தைக்கொண்டு புதிய எழுத்துகள் வார்க்கும் வேலை உடனே தொடங்கியது. அந்த நேரத்தில் சபைக்கு வேண்டியிருந்தது அச்சுத் தொழில் தெரிந்த ஆள்.

காணிக்கை விஷயத்தில் உங்கள் கண்டிப்பைத் தளர்த்தாதீர்கள். ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் ஆலயத்திலேயே எண்ணவேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போய் எண்ணக்கூடாது. தொகையைச் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். எண்ணுகிறவர் வேறு, புத்தகத்தில் எழுதுகிறவர் வேறு. எண்ணின தொகை முழுவதும் அடுத்த வேலைநாளில் வங்கிக்குப் போகட்டும். அவசரச் செலவுக்கு அதிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டும் பழக்கம் வந்தால், சீட்டும் வங்கிக் கணக்கும் ஒருபோதும் ஒத்துப்போகாது. "நம்மவரை நம்பமாட்டீர்களா?" என்று யாராவது மனம் நொந்தால், 2 கொரிந்தியர் 8:20, 21-ஐ வாசித்துக் காட்டுங்கள். தர்மப் பணத்தைக் கொண்டுபோகும்போது யாரும் குற்றப்படுத்தாதபடி பவுல் வேறு சகோதரரையும் கூட அனுப்பினார்.

கேள்வி: எனக்கு வயதாகிவிட்டது. நடத்தின ஞாயிறு பள்ளியை இளையவர்களிடம் கொடுத்துவிட்டேன். இனி எனக்கு என்ன இருக்கிறது?

பதில்: எண்ணாகமம் 8-ன்படி லேவியர் 25 வயதில் வேலைக்கு வந்து 50 வயதில் பாரமான வேலையை விட்டார்கள். ஆனால் சகோதரரோடு காவல் காக்கும் பணியில் தொடர்ந்தார்கள். உங்களுக்குப் பிறகு வந்த ஆசிரியர்கள் ஒவ்வொருவரையும் மாதம் ஒருமுறை தனியாகக் கேளுங்கள், எந்தப் பிள்ளையைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்று. அந்தப் பிள்ளைக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். வகுப்பை எப்படி நடத்தவேண்டும் என்று அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: யாராவது கேட்டால் முடியாது என்று சொல்ல வராது. பாடகர் குழு, பிள்ளைகள் வகுப்பு, ஐக்கிய விருந்து ஏற்பாடு, மூன்றும் என்மேல். இப்போது ஆலயத்துக்குப் போகவே கசக்கிறது. விட்டால் தேவனுக்கு விரோதமோ என்று பயம்.

பதில்: நீங்கள் மார்த்தாளின் வீட்டில் இருக்கிறீர்கள். சகோதரி மரியாள் இயேசுவின் பாதத்தண்டையில் உட்கார்ந்திருக்க, தன்னைத் தனியே வேலை செய்ய விட்டாள் என்று அவரிடம் முறையிட்டவள் அவள். "மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்று இயேசு சொன்னது பலருக்கும் மனப்பாடம். பின்பு பெத்தானியா விருந்தில் "மார்த்தாள் பணிவிடைசெய்தாள்" என்று யோவான் 12:2 சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை. அவள் வேலையை விடவில்லை. அந்த விருந்தில் மரியாள் மறுபடியும் இயேசுவின் பாதத்தண்டையில் இருக்கிறாள், மார்த்தாள் முறையிட்டதாக ஒரு வார்த்தைகூட இல்லை. உங்களிடமிருந்து எடுக்கவேண்டியதும் கலக்கத்தைத்தான், பணிவிடை செய்யும் மனதை அல்ல.

எலியா சாகவேண்டும் என்று கேட்டபோது தேவன் முதலில் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, சாப்பிட வைத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிட வைத்தார். அதற்குப் பிறகுதான் வேலையும், எலிசா என்ற துணையாளும். ஆகவே முடிவெடுக்குமுன் இரண்டு வாரம் நன்றாகத் தூங்குங்கள்.

பிறகு ஒரு தாளில் மூன்று பொறுப்புக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதுங்கள். ஒத்திகைக்குப் போய்வரும் நேரம், இரவில் பதில் சொல்லும் போன் அழைப்புகள் எல்லாம் சேரட்டும். கூட்டிப் பார்த்தால் நீங்களே திகைப்பீர்கள். எந்தப் பொறுப்பை எடுத்துவிட்டால் உங்களுக்கு உண்மையில் மனம் வலிக்கும் என்று பாருங்கள், அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிட்டு வராதீர்கள். ஆறு வாரம் முன்பே போதகரிடம் தேதி குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் "கொஞ்ச நாள் பாருங்கள்" என்ற பதிலில் கரைந்துவிடும். அடுத்து வருகிறவர் இரண்டு முறை உங்களோடு இருந்து பார்க்கட்டும், இரண்டு முறை நீங்கள் உடனிருக்க அவர் செய்யட்டும். சாவி, தொடர்பு எண்கள், யாருக்கு என்ன பாக்கி என்பதெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். கொடுத்தபின் அவர் வேறு விதமாகச் செய்வதைப் பார்த்துத் திருத்தப் போகாதீர்கள். போனால் ஒரு மாதத்தில் பொறுப்பு உங்களிடமே திரும்பிவிடும்.

இனி யாராவது புதிதாக ஒன்றைக் கேட்டால் அந்த இடத்தில் பதில் சொல்லவேண்டாம். "ஜெபித்துவிட்டு புதன்கிழமை சொல்கிறேன்" என்று நாள் சொல்லி வந்துவிடுங்கள். எதிரில் நிற்கும் முகத்தைப் பார்த்து மறுப்பதுதான் உங்களுக்கு வராது, போனில் சொல்வது எளிது.

போதகர் தயங்கினால் எண்ணாகமம் 7-ஆம் அதிகாரத்தை மரியாதையோடு நினைவூட்டுங்கள். வழிபாட்டுக் கூடாரத்தின் தொங்குதிரைகளைச் சுமந்த, லேவியரில் ஒரு பிரிவான கெர்சோன் புத்திரருக்கு மோசே இரண்டு வண்டியும் நான்கு மாடும் கொடுத்தான். பலகைகளையும் தூண்களையும் பாதங்களையும் சுமந்த மெராரி புத்திரருக்கு நான்கு வண்டியும் எட்டு மாடும். சுமையைப் பார்த்து வண்டி கொடுத்திருக்கிறான். வைத்துக்கொள்ளும் அந்த ஒரு பொறுப்புக்கும் ஓர் உதவியாளரை இப்போதே கேட்டு வாங்குங்கள், கடிதத்திலேயே அதையும் எழுதிவிடுங்கள்.